பேசறதுக்குக் காசு

சனிக்கிழமைகளில் மேக்ஸ்வெல் தாமதமாக வீடு திரும்புவதை நேசமணி முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒயிட்ஃபீல்டு தாண்டி ஒரு தொழிற்சாலையில் அவர் கிரேன் ஓட்டுகிறார். சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியான ரயிலைப் பிடித்தால் நாலரை மணிக்குக் கோரமண்டலில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, பழைய சுரங்கத் தொழிலாளர் வரிசையில் இருக்கும் லைன் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு டீ கேட்பார். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். இந்தப் பிப்ரவரியிலிருந்து அது ஏழு மணி ஆயிற்று.

கேட்டதற்கு, "ஓவர்டைம்" என்றார்.

மே மாதம் பிறந்ததும் நேசமணிக்குத் தலை நிமிர நேரமில்லை. ஆண்டர்சன்பேட்டையில் இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவள்தான் யூனிஃபார்ம் தைக்கிறாள். முன்னறையில் ஒரு கால் மிஷின், ஒரு ஓவர்லாக் மிஷின், நடுவே விரித்த பாயில் பேர்ச் சீட்டு குத்திய துணிப் பொட்டலங்கள். மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் சைனைடு மண்மேட்டிலிருந்து காற்றுக் கிளம்பினால் வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் பூத்துவிடும். அதனால் ஜன்னலில் பழைய போர்வையை நனைத்துத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே வெக்கை. காஜா எடுக்கிற விரல் வியர்வையில் வழுக்கியது.

மகள் மரியா கோலாரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவளுடைய ஃபீஸ் ரசீதைத் தேடி பீரோவைத் திறந்தபோதுதான் சம்பளச் சீட்டு கையில் பட்டது. கிரேன் படி இருந்தது. ஓவர்டைம் என்ற கட்டத்தில் வெறும் கோடு. மார்ச் சீட்டை எடுத்தாள், பிப்ரவரி சீட்டை எடுத்தாள். அங்கேயும் கோடுதான்.

அன்று சாயந்திரம் ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னாங்க, ஓவர்டைம் துட்டு இன்னும் வரலியா?"

"சேத்துக் குடுப்பாங்கோ."

"எப்ப?"

"குடுக்கறப்ப குடுப்பாங்கோ. நீ இன்னா போலீசா?"

அவர் களியை உருட்டி, குழம்பில் தொட்டு, வாயருகே கொண்டுபோய், பாதியிலேயே தட்டில் வைத்துவிட்டார். கை கழுவப் போனவர் நெடுநேரம் குழாயடியிலேயே நின்றார். அவர் முதுகையே நேசமணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகமாகவே இருந்தது. போனைக் கவிழ்த்து வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்த பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறார். எல்லாவற்றையும்விட அவளை உறுத்தியது வேறொன்று. துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்கு நறுக்கி, இரண்டு கையாலும் பிடித்து டர்ரென்று கிழித்தால் நூல் பிடித்து நேராகக் கிழியும். அவள் அப்படிக் கிழிக்கிற சத்தம் கேட்டதும் மேக்ஸ்வெல் எழுந்து வெளியே போய்விடுகிறார். ஒரு தரம் அல்ல, ஒவ்வொரு தரமும். நான் இருக்கிற அறையில் இருக்கவே இந்த மனுஷனுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்தாள். வேறு எங்கேயோ பிடித்திருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நூல்கண்டு வாங்கப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, வழியில் இறங்க இடம் என்றால் அந்த ஜங்ஷன்தான் என்று மத்தியானமே பங்காரப்பேட்டைக்குப் போய், ஸ்டேஷனுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றாள். பெங்களூரிலிருந்து ரயில் வந்தது. கோரமண்டலுக்குப் போகவேண்டிய மேக்ஸ்வெல் அங்கேயே இறங்கி வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் தலை குனிந்து நடந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு சந்தில் திரும்பினார். பச்சைக் கேட் போட்ட வீடு. போர்டு கிடையாது. கதவைத் திறந்தது ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், காட்டன் புடவை, கண்ணாடி. சிரித்தாள். மேக்ஸ்வெல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பழகின வீடு மாதிரி உள்ளே போனார். உள்ளேயிருந்து யாரோ ஜன்னல் கதவைச் சாத்தினார்கள்.

பின்னாலேயே வந்த நேசமணி சந்துக்குள் நுழைந்தாள். எதிரில் ஒரு மாவு மில் இருந்தது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மில்காரம்மாவிடம் தண்ணீர் கேட்டாள். தலை, புருவம் எல்லாம் மாவு படிந்திருந்த அவள் பேர் தாயம்மா. பேச்சில் தெலுங்கு இழுப்பு.

"அந்த வூட்ல யாரும்மா?"

"சரஸ்வதி மேடம். ஏம்மா, நீயும் பேசறதுக்கு வந்தியா?"

"பேசறதுக்கா?"

"ஆமா. வராங்கோ, ஒரு அவர் பேசறாங்கோ, போறாங்கோ. ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. அதுக்கு ஆயிரம், ஆயிரத்தி இருநூறு காசாம். நானும் தினம் பேசறேன், எவன் குடுக்கறான்?"

"ஆம்பளைங்க கூடவா?"

"எல்லாரும்தான். போறப்ப நல்லா போறாங்கோ, வெளிய வர்றப்ப கண்ணைத் தொடச்சிட்டு வராங்கோ. இன்னா நடக்குதோ ஏமோ. நான் எதுவும் சொல்றதில்லம்மா."

தாயம்மா சொன்னதில் நேசமணிக்குப் பாதி பயம் போய், இவருக்கு என்ன ஆயிற்று என்று வேறு பயம் வந்தது. கேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். முக்கால் மணி கழித்துக் கதவு திறந்தது. மேக்ஸ்வெல் கண்கள் சிவந்து வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு செருப்பை மாட்டிய காலோடு அப்படியே நின்றுவிட்டார்.

சரஸ்வதி மேடம்தான் முதலில் பேசினாள். "நீங்க இவரோட வீட்டுக்காரங்களா? உள்ள வாங்க."

"வேணாம். என் புருஷன் உங்ககிட்ட இன்னா பேசறாருன்னு மட்டும் சொல்லுங்க."

"அதை அவர்தாம்மா சொல்லணும். நான் சொல்லக்கூடாது."

"கட்டினவகிட்டயா சொல்லக்கூடாது?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதும்மா."

நேசமணி திரும்பி நடந்தாள். மேக்ஸ்வெல் பின்னாலேயே வந்தார். கோரமண்டல் வழியாகப் போகும் மரிகுப்பம் ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. பிளாட்பாரக் கடைசியில் ஆளில்லாத பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஒருவர் ஒரு முனை, ஒருவர் மறு முனை.

"உனக்கு ராஜப்பா ஞாபகம் கீதா?" என்று மேக்ஸ்வெல் ஆரம்பித்தார்.

தெரியும். பேத்தமங்களாக்காரர், அதே தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆள். போன செப்டம்பரில் மேக்ஸ்வெல்லின் கிரேன் நாலு டன் இரும்பு அச்சு ஒன்றைத் தூக்கியபோது அதைக் கட்டியிருந்த பெல்ட் அறுந்து, அச்சு கீழே விழுந்தது. கீழே நின்ற ராஜப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. விசாரணையில் பெல்ட் பழசு, ஆபரேட்டர் மேல் தப்பில்லை என்று எழுதினார்கள். மேக்ஸ்வெல் மறுவாரமே வேலைக்குப் போனார். அதோடு முடிந்தது என்று நேசமணி நினைத்திருந்தாள்.

"முடியல நேசா. பெல்ட்டு அறுந்துச்சே, அந்தச் சத்தம் போவல. நீ துணி கிழிக்கறப்ப அதே சத்தம்தான். டர்ருன்னு. எனக்கு மூச்சு நின்னுடும். கேபின்ல ஏறினா கை நடுங்கும். ராத்திரியில தூக்கமே கிடையாது. தூக்க மாத்திரை கேட்டு இங்க ஒரு மெடிக்கல்ல நின்னேன். அந்த ஆளு மாத்திரை குடுக்க மாட்டேன்னுட்டு இந்த மேடம் நம்பரை எழுதிக் குடுத்தான்."

நேசமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிர் பிளாட்பாரத்தில் யாரோ பானி பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மனசு ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவியது.

"எவ்ளோ குடுக்கறீங்க?"

"ஒரு தரத்துக்கு ஆயிரத்தி இருநூறு."

"கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு கீதே? என் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நம்ம கைத்துட்டு ஒரு பைசா போச்சா? அதைக் காட்டினா இன்னா?"

"காட்டினா இன்னா வியாதின்னு பேரு எழுதணும். அந்த பேப்பரு ஆபீஸ் வழியாத்தான் போவும். ஆபீஸ்ல உன் தம்பி ரோனி கீறான், அவனுக்கு மேல ஒருத்தன் கீறான். கிரேன் ஓட்டறவனுக்கு மனசு சரியில்லன்னு ஒரு தாளு போனா போதும். மறுநாளே கேபின்லேர்ந்து எறக்கி தொடப்பத்தை குடுத்துடுவானுங்க. கிரேன் படி போச்சுன்னா மரியா ஃபீஸை யாரு கட்றது?"

"கோலாரு கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே."

"கியூவுல நம்ம ஊரு ஆளு நாலு பேரு நிப்பான்."

அவள் மெதுவாகக் கேட்டாள். "கை நடுங்கறப்ப கீழ ஆளு நின்னா?"

"நடுங்கினா தூக்க மாட்டேன். கிரேன் சேஃப்டி சுவிட்ச் சரியில்லன்னு சொல்லி எறங்கிடுவேன்."

"எத்தினி நாளு அப்படிச் சொல்லுவீங்க?"

மேக்ஸ்வெல் எழுந்து தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார். ரயில் வந்தது.

வேறு பெண் இல்லை என்பது நிச்சயமானதும் நிம்மதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பத்தொன்பது வருஷம் கூடப் படுத்தவளிடம் சொல்லாததை, காசு கொடுத்து ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார். ராஜப்பாவைப் பற்றி மட்டும்தான் சொன்னாரா? வாராவாரம் ஒரு மணி நேரம் அதையேவா பேச முடியும்? என்னைப் பற்றியும் ஏதோ சொல்லியிருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அந்தம்மாவுக்கு நம் வீட்டு உப்புப் புளி எல்லாம் தெரியும் போலிருக்கிறது. பட்டன் தைக்கும்போதும் இதே நினைப்பு. ஒரு முழுச் சட்டைக்குப் பட்டனை மாற்றித் தைத்துவிட்டுப் பிரித்தாள்.

இன்சூரன்ஸ் விஷயம் வேறு அவளை விடவில்லை. மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஐயாயிரம். எத்தனையோ சட்டைக்குக் காஜா எடுத்து அவள் சம்பாதிக்கிற காசு. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் சித்தப்பா மகன் ரோனி வழக்கம்போல நாஷ்டாவுக்கு வந்தான். மேக்ஸ்வெல் கறி வாங்க மார்க்கெட் போயிருந்தார். இடியாப்பத்தையும் பாயாவையும் வைத்துவிட்டு, சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏன் ரோனி, நம்ம கார்டுல மனசு டாக்டருக்கெல்லாம் துட்டு குடுப்பாங்களா?"

இடியாப்பத்தைப் பிய்த்த கை நின்றது. "யாருக்கு அக்கா?"

அவன் கண் சுவரில் மாட்டியிருந்த மேக்ஸ்வெல்லின் சட்டைக்குப் போய்த் திரும்பியதை அவள் பார்த்தாள். ஆபீஸ்காரன் கண். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எனக்குத்தான்" என்றாள்.

"உனக்கா? இன்னா அக்கா பண்ணுது?"

"தூக்கம் வர்றதில்ல. காரணமில்லாம அழுகை வருது. ஆபரேஷனுக்கு அப்பால அப்படித்தான் இருக்குமாம்."

"அடப்பாவமே. நான் மேல கேட்டுச் சொல்றேன் அக்கா. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

புதன்கிழமைக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

முதலில் பக்கத்து வீட்டம்மா ஜெப எண்ணெய் கொண்டுவந்து நெற்றியில் தடவினாள். பிறகு ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ரோஜா வந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கு நாலு செட் தைக்கக் கொடுத்திருந்தவள். வாசலிலேயே நின்றாள்.

"அந்தத் துணியைக் குடுத்துடுங்க அக்கா. என் நாத்தனாரே தைக்கறேன்னு சொல்றாங்க."

"கட்டிங் முடிஞ்சிடுச்சேம்மா."

"பரவால்ல அக்கா, வெட்டினபடியே குடுங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க. உடம்பு முக்கியம்."

ரெஸ்ட் என்று சொன்னபோது ரோஜாவின் பார்வை மிஷின் மேலும் கத்தரி மேலும் போய்வந்தது. அந்த வாரம் இன்னும் மூன்று பேர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. எல்லோரும் குரலைத் தணித்து, சின்னப் பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. விடியற்கால ரயிலுக்குப் போய் இருட்டும் நேரத்துக்கு வருகிற மேக்ஸ்வெல்லுக்கு எதுவும் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பெரிய கத்தரிக்குச் சாணை பிடிக்கவேண்டியிருந்தது. பங்காரப்பேட்டையில் பிடித்துக்கொண்டு, மேக்ஸ்வெல்லோடு சேர்ந்தே திரும்புவதாக ஏற்பாடு. மேடம் வீட்டுச் சந்துக்கு அவள் போகவில்லை. ஸ்டேஷனிலேயே காத்திருந்தாள். ரயிலில் கூட்டம். மாதக் கடைசி என்று ஆபீஸில் தங்கிவிட்டு வந்த ரோனி அதே பெட்டியில் இருந்தான். எதிரில் எட்மண்ட், மாலூரில் வேலை செய்கிறவர், அவர்கள் லைனிலேயே கடைசி வீடு. மேக்ஸ்வெல் கதவோரம் நின்றுகொண்டார்.

எட்மண்ட் அவசரமாக எழுந்து அவளுக்கு இடம் விட்டார். "உக்காரும்மா, உக்காரு. காத்து வர்ற பக்கமா உக்காரு."

அவள் உட்கார்ந்து, மடியில் பேப்பர் சுற்றிய கத்தரியை வைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. எட்மண்ட் ரோனியைப் பார்த்தார். ரோனி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அப்போது எட்மண்ட் குனிந்து, ரொம்ப நைசாக, அவள் மடியிலிருந்து கத்தரிப் பொட்டலத்தை எடுத்தார்.

"இது எதுக்கும்மா உன் கையில? நான் வெச்சுக்கறேன். எறங்கறப்ப மேக்ஸ்வெல் கையில குடுத்துடறேன்."

நேசமணியின் முகம் சுருங்கிப்போனது. பறித்துக்கொள்ளவும் முடியவில்லை. பறித்தால் அதற்கும் ஒரு அர்த்தம் சொல்வார்கள். கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

மேக்ஸ்வெல் கதவோரத்திலிருந்து உள்ளே வந்தார். "இன்னாத்துக்கு அதை வாங்கினே?"

"ஒண்ணியும் இல்ல மேக்ஸ்வெல். ஒரு ஜாக்கிரதைக்குத்தான். டாக்டர்கிட்ட போறவங்க…"

"யாரு டாக்டர்கிட்ட போறது?"

எட்மண்ட் மறுபடி ரோனியைப் பார்த்தார். ரோனிதான் மெல்லச் சொன்னான். "அக்காவே சொல்லிச்சு மாமா. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. நான் கார்டுல கேட்டுட்டுத்தான் கீறேன்…"

மேக்ஸ்வெல் நேசமணியைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து, வேண்டாம் என்று மிக லேசாகத் தலையை ஆட்டினாள். அவர் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கை நடுங்கியது. எல்லோருக்கும் தெரியும்படி நடுங்கியது.

"கத்தரியை அவகிட்ட குடு எட்மண்ட்" என்றார். "டாக்டர்கிட்ட போறது அவ இல்ல. நான். நாலு மாசமா போறேன். இதோ இப்பவும் அங்கேர்ந்துதான் வரேன்."

எட்மண்ட் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினார். ரோனி, "மாமா, மெதுவா… எல்லாரும் கேக்கறாங்கோ" என்றான்.

"கேக்கட்டும். திங்கக்கிழமை நானே மேனேஜர்கிட்ட சொல்லிடறேன். நீ சொல்ல வேணாம்."

கோரமண்டலில் இறங்கி நடக்கும்போது நேசமணிக்குக் கோபம்தான் வந்தது. "ஒரு வாரமா ஊரு பூரா பேச்சு கேட்டுட்டு கம்முனு இருந்தேன். ஒரு நிமிஷத்துல ஒடச்சிட்டீங்களே."

"உன் கையிலேர்ந்து அதை வாங்கினானே நேசா. பாத்துட்டு நிக்கச் சொல்றியா?"

திங்கட்கிழமை சொன்னபடி சொன்னார். மேனேஜர் திட்டவில்லை. கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கிரேன் கிடையாது, ஸ்டோரில் கீழ்வேலை. துடைப்பம் இல்லை, ஆனால் கிரேன் படியும் இல்லை. மரியாவின் ஃபீஸுக்கு நேசமணி தன் கழுத்துச் செயினை அடகு வைத்தாள். ரோனி பரிகாரம் செய்கிறவன் போல ஓடியாடி பழைய ரசீதுகளையெல்லாம் சேர்த்து இன்சூரன்ஸுக்கு அனுப்பினான். பத்து நாளில் பதில் வந்தது. பேசிக் குணமாக்குகிற அம்மா மனநல டாக்டர் இல்லையாம், டாக்டர் பட்டம் இல்லாதவர் தந்த ரசீது செல்லாதாம்.

மேக்ஸ்வெல் போனில் அதைப் படித்துக் காட்டினார். படித்து முடித்துவிட்டு, எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தார்.

"எந்தக் கார்டைக் காட்ட பயந்து இத்தினி நாளு ஒளிஞ்சேனோ, அந்தக் கார்டுல கடைசில இதுக்குத் துட்டே இல்லியாம்."

"அப்ப நம்ம துட்டுதான். வாராவாரம் வேணாம், மாசத்துல ரெண்டு தரம் போங்க" என்றாள் நேசமணி. கொஞ்சம் பொறுத்து, மிஷினிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள். "என்னைப் பத்தி அந்தம்மாகிட்ட இன்னா சொன்னீங்க?"

"உன்னைப் பத்தியா?"

"மழுப்பாதீங்க. சொல்லியிருக்கீங்க. எனக்குத் தெரியும்."

வெளியே ஜூன் மாதத்துத் தூறல். அவர் பாயில் உட்கார்ந்து ஒரு சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"விஷயம் தெரிஞ்சா நீ என்னை விட்டுட்டுப் போயிடுவியோன்னு சொன்னேன். உனக்குத் தெரிஞ்ச அப்பாலயும், போனவாட்டி அதான் சொன்னேன்."

"அதுக்கு அவங்க இன்னா சொன்னாங்க?"

"உங்க வீட்டுக்காரங்களையே கேட்டுப் பாருங்களேன்னாங்க."

"ஏன் கேக்கல?"

"பயம்."

நேசமணி மிஷினை நிறுத்தினாள். "இப்ப கேளுங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. மடித்த சட்டையின் காலரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "போயிடுவியா?"

"எங்க போறது?" என்றாள் அவள். "நாளான்னைக்கு இஸ்கூலு தொறக்கறாங்கோ. இன்னும் பதினாறு சட்டைக்கு பட்டன் வெக்கணும். ஊசியைக் கோத்துக் குடுங்க."